இரகசியம் வெளியே போன குழுவைக் கலைத்துவிட வேண்டுமா?

கேள்வி:

சமூகப் பணியில் டிப்ளோமா முடித்துவிட்டுக் கொழும்பில் ஒரு தொண்டு நிறுவனத்தில் இரண்டாவது ஆண்டாகப் பணியாற்றுகிறேன். கொழும்பு 15இல் உள்ள தொடர்மாடிக் குடியிருப்பொன்றில், கடன் சுமையால் அவதிப்படும் பெண்களுக்காக ஒரு குழுவைத் தொடங்கினேன். வெவ்வேறு தோட்டங்களிலிருந்து (நகரத்துக் குடிசைக் குடியிருப்புகளை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) இங்கே குடியமர்த்தப்பட்ட 14 பெண்கள் சேர்ந்தார்கள்; எழுவர் தமிழர், நால்வர் முஸ்லிம்கள், மூவர் சிங்களவர். சனிக்கிழமைகளில் பிற்பகல் 3.30க்குக் கீழ்த்தள மண்டபத்தில் கூடுகிறோம். முதல் நான்கு கூட்டங்கள் மிக நன்றாக நடந்தன. அதன் பிறகு, முன்பு கடன் குழுவொன்றின் தலைவியாக இருந்த ஓர் அக்காவே எல்லாவற்றையும் தீர்மானிக்கத் தொடங்கினார். மூன்று பேர் மட்டும் கதைக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆறாவது கூட்டத்தில் ஓர் இளம் பெண், கணவருக்குத் தெரியாமல் எடுத்த கடனைப் பற்றி அழுதபடி சொன்னார். இரண்டே நாளில் அது கணவரின் காதுக்குப் போய்விட்டது. அந்தப் பெண் வருவதை நிறுத்திவிட்டார். ஏழாவது கூட்டத்துக்கு ஆறு பேர்தான் வந்தார்கள். அவர்களும் ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டிச் சத்தமிட்டார்கள். அக்காவையும், கதையைக் கொண்டுபோனவர் என்று சந்தேகிக்கப்படுபவரையும் நீக்கிவிட்டுப் புதிய குழுவொன்றைத் தொடங்குமாறு என் மேற்பார்வையாளர் சொல்கிறார். அப்படிச் செய்யலாமா? கதைக்காதவர்களை எப்படிக் கதைக்க வைப்பது? முதல் மாதம் நன்றாக இருந்த குழுவில் நான் எங்கே பிழைவிட்டேன்?

கொழும்பிலிருந்து ஒரு சமூகப் பணியாளர்

பதில்:

அன்பின் சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளுக்குள் நுழையுமுன், நீங்கள் கேட்காத ஒன்றை முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. குழுவின் எதிர்காலத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்னர், வருவதை நிறுத்திவிட்ட அந்த இளம் பெண்ணை நீங்கள் தனியாகச் சந்திக்க வேண்டும். இதுவரை சந்திக்கவில்லையென்றால் நாளைக்கே சந்தியுங்கள். கணவருக்கு விடயம் தெரிந்த பின் வீட்டில் என்ன நடந்தது, அடி உதை உண்டா, வீட்டுச் செலவுக்குப் பணம் கொடுப்பது நின்றுவிட்டதா, பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்பதை அவர் தாமாகச் சொல்லக் காத்திராமல் நேரடியாகவும் அமைதியாகவும் கேளுங்கள். அவருடைய வீட்டில் வைத்துக் கேட்காதீர்கள்; கணவர் உள்ளறையில் இருக்கும்போது எந்தப் பெண்ணும் உண்மையைச் சொல்வதில்லை. அச்சுறுத்தல் இருக்குமானால், பிரதேச செயலகத்திலுள்ள மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரிடமும் உளவளத்துணை உத்தியோகத்தரிடமும் அவரை நீங்களே அழைத்துச் செல்லலாம். 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்தை அவருக்குச் சொல்லிக் கொடுங்கள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெற முடியும் என்பதையும் அவர் தெரிந்துவைத்திருக்க வேண்டும். எதைச் செய்வது, எதைச் செய்யாமல் விடுவது என்பதை அவரே முடிவு செய்யட்டும். ஒருமுறை அவருடைய கதை அவர் கையை மீறிப் போய்விட்டது. இரண்டாவது முறையும் அப்படி நடக்க நீங்கள் காரணமாகிவிடக் கூடாது.

இனி குழுவைப் பற்றி. கலைக்க வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். இருவரை நீக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கவும் வேண்டாம். குறைந்தது, இப்போதைக்கு வேண்டாம். இந்தச் சண்டை அந்தப் பெண்களுக்குள் நடந்த சண்டை. அதை உங்கள் மேசைக்குக் கொண்டுவந்து நீங்களும் மேற்பார்வையாளருமாகத் தீர்த்துவிட்டால், அடுத்த குழுவிலும் இதே சண்டை இன்னொரு வடிவில் வரும். அதைத் தீர்க்கும் பழக்கம் அப்போதும் அவர்களுக்கு இருக்காது. குழுவிடமிருந்து எடுக்கப்பட்ட பிரச்சினையைக் குழுவிடமே திருப்பிக் கொடுப்பதுதான் குழுப் பணியாளரின் தொழில். நான் கீழே எழுதுவதெல்லாம் அதை எப்படிக் கொடுப்பது என்பதைப் பற்றியதே.

முதல் மாதம் நன்றாக இருந்தது என்கிறீர்கள். எனக்கு அதில் ஐயம் உண்டு. முதல் நான்கு கூட்டங்களில் சத்தம் இல்லாமல் இருந்திருக்கலாம், எல்லோரும் நேரத்துக்கு வந்திருக்கலாம், நீங்கள் சொன்னதற்குத் தலையாட்டியிருக்கலாம். அறிமுகமற்ற இடத்தில் மனிதர்கள் அப்படித்தான் நடந்துகொள்வார்கள். இந்த ‘மிஸ்’ எப்படிப்பட்டவர், நிவாரணம் ஏதும் வருமா, யார் பக்கத்தில் உட்கார்ந்தால் வம்பு இல்லை என்பதையெல்லாம் அவர்கள் அளந்துகொண்டிருந்த காலம் அது. 1965இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் சமூகக் குழுப் பணியில் ஈடுபட்டிருந்த கார்லண்ட், ஜோன்ஸ், கொலோட்னி ஆகிய மூவரும் குழுக்களின் வளர்ச்சியைப் பற்றி எழுதியபோது, நெருங்குவதா விலகுவதா என்று தயங்கும் தொடக்க நிலையை அடுத்து வருவது அதிகாரத்துக்கான போட்டி என்றார்கள். அங்கத்தவர்கள் உண்மையான நெருக்கத்துக்கு வருவது அதைக் கடந்த பிறகுதான். அதே ஆண்டில் உளவியலாளர் புரூஸ் டக்மன், குழுக்களைப் பற்றி அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, கூடுதல், மோதுதல், நெறிப்படுதல், செயற்படுதல் என்று நான்கு கட்டங்களை வகுத்தார். 1977இல் மேரி ஆன் ஜென்சனுடன் சேர்ந்து பிரிதல் என்ற ஐந்தாவது கட்டத்தை அவர் சேர்த்தார். டிப்ளோமாப் பாடத்தில் இதைப் படித்திருப்பீர்கள். ஆனால் பரீட்சைக்கு எழுதிய ஒன்று சனிக்கிழமை மாலையில் கண்முன்னே நடக்கும்போது அது வேறு ஏதோ போலவும் நம்முடைய தோல்வி போலவும் தெரிகிறது. ஐந்தாவது, ஆறாவது கூட்டங்களில் ஒருவர் தலைமையைக் கையில் எடுப்பதும், மற்றவர்கள் முகம் சுளிப்பதும், அணி பிரிவதும் வழக்கமானவை. அதற்காக உங்களை நொந்துகொள்ள வேண்டியதில்லை. இந்தக் கட்டங்கள் ஏறிவிட்டால் இறங்க முடியாத படிகளும் அல்ல. புதிதாக ஒருவர் சேர்ந்தாலோ, இப்போது நடந்ததைப் போல நம்பிக்கை உடைந்தாலோ, குழு தொடக்க நிலைக்கே திரும்பிவிடும். உங்கள் எட்டாவது கூட்டம் உண்மையில் முதலாவது கூட்டம் என்று எண்ணிக்கொண்டு ஆயத்தமாகுங்கள்.

ஆனால் இரகசியம் வெளியே போனது வழக்கமான மோதல் அல்ல. அதில் உங்கள் பங்கும் இருக்கிறது, எங்கள் பாடப்புத்தகங்களின் பங்கும் இருக்கிறது. “இங்கே கதைப்பது இந்த அறையை விட்டு வெளியே போகாது” என்று முதல் கூட்டத்தில் சொல்லியிருப்பீர்கள். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்லப் பழக்கப்பட்டிருக்கிறோம். அந்த வாக்கியம் வேறு வகைக் குழுக்களுக்காக உருவானது. சிகிச்சைக் குழுக்களில் ஒருவரையொருவர் முன்பின் அறியாத ஏழெட்டுப் பேரை ஓர் அறையில் சந்திக்கச் செய்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் அவர்கள் நகரின் வெவ்வேறு மூலைகளுக்குப் போய்விடுகிறார்கள். உங்கள் 14 பேரும் கூட்டம் முடிந்து ஒரே லிஃப்டில் ஏறுகிறார்கள். ஒருவர் வீட்டுச் சமையல் மணம் மற்றவர் வீட்டு நடைவழியில் நிற்கிறது. பிள்ளைகள் ஒரே வான் வண்டியில் பாடசாலைக்குப் போகிறார்கள். கணவன்மார் ஒரே இடத்தில் முச்சக்கர வண்டியை நிறுத்துகிறார்கள். இப்படிப்பட்ட இடத்தில் இரகசியம் காக்கப்படும் என்று வாக்குறுதி கொடுக்கும் அதிகாரம் உங்களுக்கோ எனக்கோ கிடையாது. பணியாளர் தன் வாயை மட்டும்தான் பூட்ட முடியும். மற்ற 14 பேரின் வாய்க்கு அவர் பொறுப்பு நிற்க முடியாது. இதை அங்கத்தவர்களுக்கு அப்படியே சொல்லிவிட வேண்டும்.

சொன்ன பிறகு, இரகசியம் என்ற பெரிய சொல்லை ஓரமாக வைத்துவிட்டு, நாளாந்த நிலைமைகளைச் சிறு சிறு துண்டுகளாக எடுத்து அவர்களையே கதைக்க விடுங்கள். வீட்டுக்குப் போனதும் கணவரோ மாமியாரோ “இன்றைக்கு அங்கே என்ன கதைத்தீர்கள்?” என்று கேட்டால் என்ன சொல்வது? இன்னொருவருடைய கதையைத் தொடாமல் தன் கதையை மட்டும் சொல்வது எப்படி? படிக்கட்டில் சந்திக்கும்போது கூட்டத்தில் கதைத்ததைப் பற்றிக் கேட்கலாமா, கூடாதா? வரவில்லையென்றால் எதற்கு வரவில்லை என்று விசாரிக்க யாரும் வீட்டுக்கு வரலாமா? ஒருவர் வாய் தவறிச் சொல்லிவிட்டால் அதை எங்கே, யாரிடம், எப்படி ஒப்புக்கொள்வது? இத்தகைய கேள்விகளுக்கு அவர்கள் தங்கள் வாயால் சொல்லும் விடைகள்தான் விதியாக நிற்கும். நீங்கள் எழுதி ஒட்டும் பட்டியல் சுவரோடு நின்றுவிடும். இதற்கு ஒரு முழுக் கூட்டம் செலவானாலும் செலவாகட்டும்.

கூடவே, உங்களுக்கென்று ஒரு கட்டுப்பாடும் வேண்டும். இப்படிப்பட்ட குழுவில் யாராவது தங்கள் வாழ்க்கையின் மிக ஆழமான விடயத்தைத் திடீரென்று திறக்கும்போது, அது குழுவின் வெற்றி என்று மகிழ்ந்துவிடாதீர்கள். அந்த விடயத்தைத் தாங்கும் பலம் குழுவுக்கு வந்துவிட்டதா என்று பாருங்கள். வரவில்லையென்றால், “தங்கச்சி, இது முக்கியமான விடயம், இதை நானும் நீங்களும் முதலில் தனியாகக் கதைப்போம், பிறகு எவ்வளவு இங்கே சொல்வது என்று நீங்களே முடிவெடுங்கள்” என்று மரியாதையாக இடைமறிக்கலாம். கதைக்க விடுவது எவ்வளவு கடமையோ, சில வேளைகளில் நிறுத்துவதும் அவ்வளவு கடமை. பிள்ளைகளுக்குத் துன்புறுத்தல் நடப்பதாகவோ ஓர் உயிருக்கு ஆபத்து இருப்பதாகவோ தெரியவந்தால் நான் சும்மா இருக்க மாட்டேன், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கோ உரிய அதிகாரிக்கோ அறிவிப்பேன் என்பதையும் முன்கூட்டியே அவர்களுக்குத் தெரியப்படுத்துங்கள். வரவுப் புத்தகத்தில் பெயரையும் திகதியையும் தவிர வேறொன்றும் எழுத வேண்டாம். யாருக்கு எவ்வளவு கடன் என்ற குறிப்பு மண்டபத்து அலுமாரியில் இருக்கவே கூடாது.

அடுத்து, அந்த அக்கா. அவரைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது, அவர் முன்பு கடன் குழுவொன்றுக்குத் தலைவியாக இருந்தார் என்ற ஒரு வரி. நுண்கடன் நிறுவனங்கள் பெண்களைச் சிறு குழுக்களாகச் சேர்த்து, ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்ற பொறுப்பில் கடன் கொடுப்பது உங்களுக்குத் தெரிந்ததே. 2018இல் இலங்கைக்கு வந்திருந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் ஹுவான் பப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி, இந்தக் கடன்கள் பெண்கள்மீது ஏற்படுத்தும் நெருக்கடியை உலகறியச் சொன்னார். அந்த நெருக்கடியின் ஒரு பகுதி குழுவிலேயே இருக்கிறது. தவணை நாளன்று ஒருத்தியிடம் பணம் இல்லையென்றால், அவள் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியவள் அயல்வீட்டுக்காரிதான். எல்லோர் முன்னிலையிலும் கேள்வி கேட்க வேண்டியவள் குழுத் தலைவிதான். உங்கள் 14 பேரில் பெரும்பாலானோர் இத்தகைய குழுக்களில் இருந்துவிட்டு வந்தவர்கள். வட்டமாக உட்கார்ந்து ஒருவர் பெயரை ஒருவர் கூப்பிடும் கூட்டம் என்றாலே அவர்களுடைய உடலுக்கு அவமானமும் பயமும்தான் நினைவுக்கு வரும். நீங்கள் ஆதரவுக் குழு என்று நினைத்துத் தொடங்கினீர்கள். அவர்கள் அதற்குள் பழைய குழுவையே கண்டார்கள். அக்கா தன் பழைய வேலையைப் பார்க்கிறார், மற்றவர்கள் தங்கள் பழைய மௌனத்தைக் கடைப்பிடிக்கிறார்கள்.

இதை இப்படிப் பார்த்தால், அக்காவை நீக்குவது ஏன் பயனற்றது என்பது விளங்கும். அவர் வகிக்கும் பாத்திரத்துக்கு மற்றவர்களும் சம்மதம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் கதைக்கும்வரை தாங்கள் கதைக்க வேண்டியதில்லை. அவர் போனால் அந்த நாற்காலிக்கு இன்னொருவர் வருவார். அதைவிடப் பெரிய தீங்கு ஒன்றும் உண்டு. நடந்ததற்கெல்லாம் இருவரைப் பொறுப்பாக்கி வெளியே அனுப்பும் குழு, ஒரு கிழமை நிம்மதியாக இருக்கும். அடுத்து யாருடைய முறை என்ற பயம் அதற்குப் பிறகு எல்லோருக்குள்ளும் வந்து குடியேறும். நீக்கப்பட்டவர்களும் எங்கும் போய்விடுவதில்லை, அதே மாடியில்தான் இருப்பார்கள். கதையைக் கொண்டுபோனவர் என்று நீங்கள் குறிப்பிடும் பெண்மீது இருப்பது சந்தேகம் மட்டுமே என்பதையும் மறந்துவிடாதீர்கள். 14 பேர் கேட்ட ஒரு செய்தி எந்த வழியாகப் போயிருக்கும் என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சமூகப் பணியாளர் புலனாய்வில் இறங்கினால் அதன் பிறகு அவரை யாரும் நம்ப மாட்டார்கள்.

அக்காவை எட்டாவது கூட்டத்துக்கு முன் தனியாகப் போய்ப் பாருங்கள். கண்டிப்பதற்காகப் போக வேண்டாம். கடன் குழுவில் தலைவியாக இருந்த காலம் அவருக்கு எப்படி இருந்தது, யாருடைய வீட்டு வாசலில் போய் நிற்க நேர்ந்தது என்று கேளுங்கள். நான் சந்தித்த தலைவிகளில் பலர், அயலவரின் வெறுப்பையும் நிறுவனத்தின் அழுத்தத்தையும் ஒருசேரச் சுமந்தவர்கள். தங்களிடம் அதைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை என்பதே அவர்களுடைய மனக்குறை. அதன் பிறகு, அவருக்கு இருக்கும் திறமைக்கு ஏற்ற வேலையொன்றைக் குழுவுக்குள் கொடுங்கள். உதாரணமாக, 50,000 ரூபா கடனுக்கு முழுத் தொகைமீதும் ஆண்டுக்கு 24 வீதம் வட்டி என்று கணக்கிட்டு, 62,000 ரூபாவை 52 கிழமைகளில் கட்டச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கிழமைக்குக் கிழமை கடனின் முதல் தொகை குறைந்துகொண்டே போக, வட்டி மட்டும் முழு 50,000க்கும் அறவிடப்படுவதால், உண்மையான வட்டி ஆண்டுக்கு 40 வீதத்தைத் தாண்டுகிறது. தவணைப் புத்தகங்களைப் பார்த்துப் பழகிய அக்கா இந்தக் கணக்கை மற்றவர்களோடு சேர்ந்து போட்டுப் பார்க்கட்டும். முன்பு கடன் கொடுத்தவனுக்காகப் பயன்பட்ட அறிவு இப்போது கடன் பட்டவர்களுக்காகப் பயன்படும். கண்ணீரை விடக் கணக்கு சில குழுக்களை விரைவாக ஒன்றுசேர்க்கிறது என்பது என் அனுபவம். ஆளுக்காள் முகம் பார்க்கத் தயங்குகிறவர்கள் ஒரே தாளைப் பார்க்கத் தயங்குவதில்லை.

கதைக்காதவர்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவர்களைக் கதைக்க வைக்கும் முயற்சியை முதலில் கைவிடுங்கள் என்று சொன்னால் வியப்பாக இருக்கும். உங்கள் கடிதத்தை வாசிக்கும்போது, மண்டபத்தில் கதை எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைத்தான் நான் தேடினேன். மூவர் கதைக்கிறார்கள் என்கிறீர்கள், யாரோடு கதைக்கிறார்கள்? என் ஊகம் சரியானால், “மிஸ்” என்று தொடங்கி உங்களைப் பார்த்துத்தான். நீங்கள் பதில் சொல்கிறீர்கள், அடுத்தவர் மீண்டும் “மிஸ்” என்கிறார். 1951இல் ஹரோல்ட் லெவிட் என்ற ஆய்வாளர் ஐந்து பேர் கொண்ட சிறு குழுக்களை வைத்து ஒரு பரிசோதனை செய்தார். எல்லாச் செய்தியும் நடுவில் இருக்கும் ஒருவரூடாகப் போன குழுக்கள் எளிய வேலையை விரைவாகவும் பிழை குறைவாகவும் முடித்தன; ஆனால் நடுவில் இருந்தவருக்கு மட்டுமே அந்த வேலையில் திருப்தி இருந்தது. வட்டமாகச் செய்தி போன குழுக்கள் நேரம் எடுத்தன, தடுமாறின, ஆனால் அவற்றில் இருந்தவர்களுக்கு வேலை பிடித்திருந்தது. நிவாரணப் பொதி பகிர்வதென்றால் முதலில் சொன்ன முறை போதும். உங்கள் வேலை அதுவல்ல. வில்லியம் ஷ்வார்ட்ஸ் 1961இல் குழுப் பணியைப் பற்றி எழுதியபோது, குழு என்பது ஒருவருக்கொருவர் உதவிக்கொள்வதற்கான ஏற்பாடு, அதில் பணியாளரின் உதவி பல உதவிகளில் ஒன்று மட்டுமே என்ற கருத்தை முன்வைத்தார். சமூகக் குழுப் பணியில் எனக்கு இதைவிடப் பெரிய பாடம் கிடையாது.

ஆகவே ஒருவர் உங்களைப் பார்த்து ஒன்றைச் சொல்லும்போது, உங்கள் கண்ணை மற்றவர்கள் பக்கம் திருப்புங்கள். “இப்படியொரு நிலைமை வேறு யாருக்காவது வந்ததா, அப்போது என்ன செய்தீர்கள்?” என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அரை நிமிட மௌனம் உங்களுக்கு அரை மணித்தியாலம்போல் இருக்கும், அதை நிரப்பாதீர்கள். வரிசையாகப் போட்ட பிளாஸ்டிக் கதிரைகளை வட்டமாகப் போடுங்கள், உங்கள் கதிரை கதவுக்குப் பக்கத்திலோ கரும்பலகைக்கு முன்னாலோ இருக்க வேண்டாம். 14 பேர் முன் வாய் திறக்காதவர் ஒருவரோடு ஒருவராக இருக்கும்போது கதைப்பார். ஆகவே ஒவ்வொரு கூட்டத்திலும் பத்து நிமிடம் இருவர் இருவராகக் கதைக்க விடுங்கள், வெவ்வேறு தோட்டங்களிலிருந்து வந்தவர்களைச் சோடி சேர்த்து. ஒருவருக்குத் துணையாக இன்னொருவர் இருப்பதன் பலத்தைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். 1951இல் சொலமன் ஆஷ் செய்த புகழ்பெற்ற பரிசோதனையில், கண்முன்னே இருக்கும் கோட்டின் நீளத்தை மற்ற எல்லோரும் வேண்டுமென்றே பிழையாகச் சொன்னபோது, கேட்கப்பட்டவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு தடவை தாங்களும் அதே பிழையைச் சொன்னார்கள். அறையில் ஒரேயொருவர் மட்டும் உண்மையைச் சொன்னால் போதும், அந்த இணங்கல் பெருமளவு குறைந்துவிட்டது. அக்காவின் கருத்துக்கு மாறான கருத்துள்ளவருக்கு உங்கள் துணையை விட, தன் அருகில் இருக்கும் இன்னொரு பெண்ணின் துணைதான் தேவை. இவ்வளவுக்குப் பிறகும் கதைக்காமல் இருப்பவர் இருப்பார். கிழமை தவறாமல் வந்து கேட்டுக்கொண்டிருக்கும் பெண்ணும் பங்குபற்றுகிறாள். அவளைப் பெயர் சொல்லி எழுப்பிக் கேள்வி கேட்பது கடன் குழுவில் நடந்ததையே அவளுக்கு நினைவூட்டும்.

சிங்களப் பெண்கள் மூவரும் அமைதியாக இருப்பவர்களில் அடங்குவார்களா என்று நீங்கள் எழுதவில்லை; அடங்குவார்கள் என்றே நினைக்கிறேன். வடகொழும்பில் எல்லோருக்கும் இரண்டு மொழியும் ஓரளவு விளங்கும் என்ற எண்ணத்தில் நாம் அலட்சியமாக இருந்துவிடுகிறோம். கடையில் சாமான் வாங்கப் போதுமான மொழி, மனவேதனையைச் சொல்லப் போதாது. கூட்ட முடிவில் இரண்டு நிமிடத்தில் சிங்களத்தில் சுருக்கம் சொல்வதால் எந்தப் பயனும் இல்லை, ஏனென்றால் அப்போது முடிவெல்லாம் எடுத்தாகிவிட்டது. இரண்டு மொழியும் நன்கு தெரிந்த அங்கத்தவர் ஒருவர் துண்டு துண்டாக, அவ்வப்போதே சொல்லட்டும். அந்த வேலை கூட்டத்துக்குக் கூட்டம் கைமாறட்டும், அக்காவுக்கு நெருக்கமானவரிடம் மட்டும் இருக்க வேண்டாம். நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். கொழும்பில் அஸர் தொழுகைக்கான நேரம் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 3 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் தொடங்குகிறது. முஸ்லிம் பெண்கள் நால்வரும் பிந்தி வருகிறார்களா, இடையில் எழுந்து போகிறார்களா, தொழுகையைப் பிற்போட்டுவிட்டு மனக் குறையோடு உட்கார்ந்திருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். 4.15க்கு மாற்றினால் தீரக்கூடிய விடயமாக இருக்கலாம்.

எட்டாவது கூட்டத்துக்கு முன் 14 பேரையும் நேரில் பார்த்து அழையுங்கள். தொலைபேசிச் செய்தி போதாது. போகும் இடங்களில் ஆளுக்காள் மற்றவரைப் பற்றிச் சொல்வார்கள். “இதை நீங்கள் சனிக்கிழமை அவர் முன்னாலேயே சொல்ல முடியுமா? நான் பக்கத்தில் இருக்கிறேன்” என்பதைத் தவிர வேறு பதில் சொல்லாதீர்கள். ஒரு வீட்டில் கேட்டதை இன்னொரு வீட்டில் நீங்கள் சொன்னால், இரகசியம் வெளியே போன குழுவில் கதை காவுகிறவர் எண்ணிக்கை ஒன்றால் கூடிவிடும். கூட்டம் தொடங்கியதும் நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள், ஆனால் அந்த இளம் பெண்ணின் சம்மதம் இல்லாமல் அவர் பெயரையோ கடனையோ மீண்டும் எடுக்க வேண்டாம். “இங்கே கதைத்த ஒரு விடயம் வெளியே போனது. அதனால் ஒருவர் துன்பப்பட்டார். யார் சொன்னது என்று நான் விசாரிக்கப் போவதில்லை. இனியும் நாம் சேர்ந்திருக்க வேண்டுமா, வேண்டுமென்றால் எப்படி என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.” இவ்வளவு போதும். கோபம் வரும், வரட்டும். ஒரே நேரத்தில் பலர் சத்தமிட்டால் ஒருவர்பின் ஒருவராகச் சொல்லும் ஒழுங்கை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஒருவரின் குடும்பத்தையோ இனத்தையோ நடத்தையையோ இழிவாகச் சொன்னால் உடனே நிறுத்துங்கள். இனிக் கூட வேண்டாம் என்று அவர்கள் தீர்மானித்தால், அதையும் ஏற்க நீங்கள் ஆயத்தமாக இருக்க வேண்டும். அவர்கள் சேர்ந்து எடுக்கும் முதல் தீர்மானம் அதுவாக இருக்கலாம்.

அக்காவையோ மற்றப் பெண்ணையோ நீக்க வேண்டிய நிலையே வராது என்று நான் சொல்லவில்லை. யாராவது மிரட்டினால், கேட்ட செய்தியைப் பணத்துக்காகவோ பழிவாங்கவோ பயன்படுத்தினார் என்பது உறுதியானால், அல்லது கடன் நிறுவனமொன்றுக்கு இன்னமும் வசூல் வேலை பார்த்துக்கொண்டிருந்தால், அவர் குழுவில் இருக்க முடியாது. அப்போதும் காரணத்தை அவரிடம் முகத்துக்கு முகம் சொல்லி, குழுவுக்கும் தெரியப்படுத்தி, வேறு உதவிக்கு வழி காட்டிய பிறகே அனுப்ப வேண்டும். 14 என்பது இத்தகைய குழுவுக்குப் பெரிய எண்ணிக்கைதான். எட்டு முதல் பத்துப் பேர் என்றால் எல்லோருக்கும் கதைக்க இடம் இருக்கும். இரண்டாகப் பிரிக்கும் யோசனையை இப்போது எடுத்தால் பழைய தோட்டங்களின் எல்லையிலேயே பிரிவார்கள். நம்பிக்கை திரும்பிய பின் அதைப் பற்றி அவர்களிடமே கேட்கலாம்.

மேற்பார்வையாளரிடம் வெறுங்கையோடு போக வேண்டாம். நன்கொடையாளருக்கு அறிக்கை எழுத வேண்டிய நெருக்கடி அவருக்கு இருக்கும். ஆறு பேர் வந்த கூட்டத்தை அவர் தோல்வியாகக் காண்பதில் வியப்பில்லை. வரவு எண்ணிக்கையோடு இன்னொன்றையும் அவர் முன் வையுங்கள். ஜேக்கப் மொரேனோ 1930களில் குழுக்களுக்குள் யார் யாரை நாடுகிறார்கள் என்பதைக் கோடுகளாக வரைந்து காட்டும் முறையை உருவாக்கினார். அதை எளிமைப்படுத்தி நாம் பயன்படுத்தலாம். ஒவ்வொரு கூட்டமும் முடிந்து வீடு வந்ததும், ஒரு தாளில் அங்கத்தவர்களை வட்டமாகக் குறித்து, பெயருக்குப் பதில் எண் போட்டு, யார் யாரைப் பார்த்துக் கதைத்தார் என்பதை நினைவிலிருந்து அம்புக்குறிகளால் வரையுங்கள். உங்களை நோக்கி வரும் அம்புகளைச் சிவப்பிலும் அவர்களுக்கிடையே ஓடும் அம்புகளை நீலத்திலும் போடுங்கள். ஏழாவது கூட்டத்தையும் நினைவிலிருந்து வரைந்து பாருங்கள். சண்டை நடந்த அன்றுதான் நீல அம்புகள் முதன்முதலாக அதிகமாக வந்திருக்கும் என்று நினைக்கிறேன். மேற்பார்வையாளரிடம் அதைக் காட்டி, நான்கு கூட்டங்களுக்கு அவகாசம் கேளுங்கள். அந்த நான்கும் முடிந்த பிறகும் சிவப்பு அம்புகளே மிகுந்திருந்தால், நீக்குவதா கலைப்பதா என்பதை அப்போது தாள்களை முன்னால் வைத்துக்கொண்டு அவரோடு கதைக்கலாம். எண்கள் மட்டும் உள்ள பிரதிகளை எனக்கும் அனுப்பி வையுங்கள்.